இணையவழி வகுப்பில் குழந்தைகளுக்கு நண்பர்கள் கிடைப்பது எப்படி?

புது தில்லி: குளிர்காலம் தொடங்கியதும் தில்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் காற்று மாசு கடுமையான அளவை எட்டுவதும், தொடக்கப் பள்ளிகள் இணையவழிக்கு மாறுவதும் ஏறத்தாழ ஆண்டு வழக்கமாகிவிட்டன. 2024-ஆம் ஆண்டில் நவம்பர் 15 முதல் தில்லியில் 5-ஆம் வகுப்பு வரை நேரடி வகுப்புகள் நிறுத்தப்பட்டன. சில நாள்களிலேயே அந்தத் தடை மேல் வகுப்புகளுக்கும் விரிந்தது. இத்தகைய சமயங்களில் இணைய வேகம், பாடத்திட்டம், தேர்வு ஆகியவை குறித்து விவாதம் நடக்கிறது. ஐந்து வயதுச் சிறுமி தன் தோழியை இனி எங்கே சந்திப்பாள் என்ற கேள்வி மட்டும் விவாதத்துக்கு வருவதில்லை.

அது சிறிய கேள்வியன்று. அமெரிக்க உளவியலாளர் கேரி லாட் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், மழலையர் வகுப்பில் சேரும்போது வகுப்பறையில் நண்பர்கள் அதிகம் இருந்த குழந்தைகள் இரண்டாம் மாதத்துக்குள்ளேயே பள்ளியைப் பற்றி நல்ல எண்ணம் கொண்டிருந்தனர். அந்த நட்பைத் தக்கவைத்தவர்களுக்கு ஆண்டு செல்லச் செல்லப் பள்ளியின் மீதான விருப்பம் கூடியது. தொடக்கத்திலேயே சக மாணவர்களால் ஒதுக்கப்பட்டவர்களிடம் பள்ளியைத் தவிர்க்கும் போக்கும் கற்றலில் பின்னடைவும் காணப்பட்டன. எழுத்தும் எண்ணும் கற்பதற்கு முன்பே, வகுப்பில் தன் பெயரை அறிந்த ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை குழந்தைக்குத் தேவைப்படுகிறது.

கரோனா காலத்தில் இந்த நம்பிக்கை ஒரு தலைமுறைக்கே தாமதமாகக் கிடைத்தது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகளில், தில்லியின் மழலையர் முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்கள், இடையில் சில நாள்கள் தவிர, 2022 பிப்ரவரி 14 அன்றுதான் வகுப்பறைக்குத் திரும்பினர். மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2020 ஜூலையில் வெளியிட்ட 'பிரக்யாதா' வழிகாட்டுதல்கள், மழலையர் பிரிவில் பெற்றோருடன் கலந்துரையாட நாளொன்றுக்கு 30 நிமிடத்துக்கு மிகாமலும், 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மிகாமலும் வகுப்பு நடத்தப் பரிந்துரைத்தன. திரை நேரத்துக்கு வரம்பு விதித்தது சரியான முடிவே. ஆனால் கிடைத்த சில நிமிடங்களையும் பாடமே முழுமையாக எடுத்துக்கொண்டால், குழந்தைகள் ஒருவரோடொருவர் பழக எதுவும் மிஞ்சாது.

பாடவேளைக்கு வெளியே பிறக்கும் உறவு

சிறு குழந்தைகளின் நட்பு பெரும்பாலும் பாடம் நடக்கும்போது உருவாவதில்லை. தண்ணீர்க் குழாய் அருகே நிற்கும் வரிசையில், டிபன் பாக்ஸ் திறக்கும் நேரத்தில், பள்ளி வேனின் பின்னிருக்கையில், பக்கத்தில் இருப்பவரிடம் ரப்பர் கேட்கும் நொடியில் அது தொடங்குகிறது. பெரியவர்களுக்கும் இது பொருந்தும். உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் தம் சகாக்களுடன் 1950-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர் குடியிருப்பில் யார் யாரோடு நட்பு கொண்டனர் என்று கணக்கெடுத்தது. அருகருகே வாசல் அமைந்தவர்களும், மாடிப்படி அருகே குடியிருந்து பலரையும் அடிக்கடி எதிர்கொண்டவர்களுமே அதிகம் நண்பர்களாகியிருந்தனர். திட்டமிடாமல் மீண்டும் மீண்டும் சந்திப்பதே நட்பின் முதல் படி.

இணையவழி வகுப்பில் இந்த இடைவெளிகள் முற்றிலும் துடைக்கப்பட்டுவிடுகின்றன. ஆசிரியர் அனுமதித்ததும் வகுப்பு தொடங்குகிறது; அவர் பொத்தானை அழுத்தியதும் முடிகிறது. பக்கத்து இருக்கை என்ற ஒன்று கிடையாது. ஒரு குழந்தை சொல்வது எதுவானாலும் முப்பது குழந்தைகளுக்கும், அவர்கள் பின்னால் நிற்கும் பெற்றோருக்கும் கேட்கும். இரகசியம் பேச முடியாத இடத்தில் தோழமை எப்படித் துளிர்க்கும்? எல்லோருடைய மைக்கையும் அணைத்துவைப்பதற்காக ஆசிரியரைக் குறை சொல்லவும் இயலாது. முப்பது மைக்குகளும் திறந்திருந்தால் முப்பது வீட்டுக் குக்கர் விசில்தான் கேட்கும்.

இதற்கான தீர்வு எளிது. மனம் மட்டும் வேண்டும். வகுப்புக்கு முன் பத்து நிமிடம் இணைப்பைத் திறந்துவைத்து, ஐந்தாறு குழந்தைகளாகப் பிரித்து, மைக்குகளை அணைக்காமல் விடலாம். ஆசிரியர் உடனிருப்பார், ஆனால் நடத்தமாட்டார். ஒருவர் பூனையைக் காட்டுவார், இன்னொருவர் விழுந்த பல்லைக் காட்டுவார். பள்ளி நிர்வாகங்கள் இந்தப் பத்து நிமிடத்தை வீணான நேரமாகக் கருதாமல் கால அட்டவணையிலேயே சேர்த்துவிடுவது நல்லது. அட்டவணையில் இல்லாதது, பாடம் முடிக்க வேண்டிய நெருக்கடியில் முதலில் பலியாகும்.

நொடியின் ஐந்தில் ஒரு பங்கு

திரையில் குழந்தைகளின் பேச்சு தடுமாறுவதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஆய்வின்படி, ஒருவர் பேசி முடிப்பதற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் இடையிலான இடைவெளி சராசரியாக நொடியின் ஐந்தில் ஒரு பங்கு அளவே. இணையத்தில் ஒலி வந்து சேரும் தாமதம் இந்த நுட்பமான தாளத்தைக் கலைத்துவிடுகிறது. இருவர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குகின்றனர். இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துகின்றனர். பெரியவர்கள் இதைச் சமாளிக்கக் கற்றுவிட்டனர். நான்கு வயதுக் குழந்தைக்கோ, தான் பேசியதைத் தோழன் கேட்கவில்லை அல்லது கேட்க விரும்பவில்லை என்றே தோன்றும்.

எனவே தாமதத்தைத் தாங்கும் விளையாட்டுகளையே தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டு திரையில் பெரும்பாலும் சந்தைக்கடை இரைச்சலாகவே முடியும். ஒருவர் செய்த சைகையை அடுத்தவர் செய்வது, வீட்டிலிருந்து சிவப்பு நிறப் பொருள் ஒன்றைத் தேடி எடுத்து வருவது, பைக்குள் இருக்கும் பொருளை மூன்று கேள்விகளில் கண்டுபிடிப்பது போன்றவற்றில் அரை நொடித் தாமதம் யாரையும் புண்படுத்தாது.

காணொலிச் சந்திப்புகள் ஏன் சோர்வு தருகின்றன என்பதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் விளக்கினார். மிக அருகில் தெரியும் முகங்கள், ஓயாமல் தன் முகத்தையே பார்க்க நேர்வது, அசையாமல் ஓரிடத்தில் உட்காரும் கட்டாயம், முகபாவங்களைப் புரிந்துகொள்ள எடுக்கும் கூடுதல் முயற்சி ஆகிய நான்கையும் அவர் காரணங்களாகக் குறிப்பிட்டார். அவர் விவாதித்தது பெரியவர்களின் சந்திப்புகளைத்தான் என்றாலும் குழந்தைகளின் வகுப்புக்கும் இது பயன்படும். தன் முகம் தெரியும் சதுரத்தை மறைத்துவிடும் வசதி பல செயலிகளில் உண்டு. அதைச் செய்தால், தன் முகத்துக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருக்கும் குழந்தை மற்றவர்களைக் கவனிக்கத் தொடங்கும்.

முகத்துக்கு முகம் அன்று, தோளுக்குத் தோள்

'தோழியோடு பேசு' என்று கைப்பேசியைக் கையில் கொடுத்தால் பெரும்பாலான சிறு குழந்தைகள் திகைத்து நிற்கும். அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன், மழலையர் விளையாட்டைக் கவனித்து 1932-இல் வகைப்படுத்தினார். அவற்றுள் ஒன்று, இரு குழந்தைகள் அருகருகே இருந்து ஒரே மாதிரியான பொருள்களோடு தனித்தனியாக விளையாடுவது. ஒருவர் மணலில் வீடு கட்டுவார், அடுத்தவரும் கட்டுவார். பேச்சு மிகக் குறைவு. சேர்ந்து திட்டமிட்டு விளையாடும் பழக்கம் வயது ஏற ஏற வளர்கிறது. எதிரெதிரே அமர்ந்து உரையாடுவது பெரியவர்களின் வழக்கம். மூன்று, நான்கு வயதில் நட்பு என்பது ஒரே வேலையில் பக்கத்தில் இருப்பதே.

இதைப் புரிந்துகொண்டால் திரையையும் வேறு விதமாகப் பயன்படுத்தலாம். இரு வீடுகளிலும் கோதுமை மாவு உருண்டை ஒன்றைக் கொடுத்து, கேமராவை முகத்தின் மீது அல்லாமல் கைகளின் மீது திருப்பி வைத்தால் போதும். ஒரு குழந்தை யானை செய்யும். மற்றது அதைப் பார்த்துத் தானும் தும்பிக்கை உருட்டும். 'என்னுடையது பெரிசு' என்ற ஒரு வாக்கியத்தில் உறவு தொடங்கிவிடும். ஓவியம், மரக்கட்டை அடுக்குதல், பட்டாணி உரித்தல் என எதுவும் சரியே. இருபது நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டியதில்லை. இரண்டு முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளின் திரை நேரம் நாளொன்றுக்கு ஒரு மணியைத் தாண்டக்கூடாது என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் அறிவுறுத்துவதை இங்கும் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஏழு, எட்டு வயதில் நிலைமை மாறுகிறது. அந்த வயதில் நியாயம், முறை, வாக்குக் காப்பது ஆகியவை நட்பின் பகுதியாகின்றன; ஒருவருக்கொருவர் தேவைப்படும் பணியே அவர்களை நெருக்கமாக்கும். இனப் பாகுபாடு நீக்கப்பட்ட பள்ளிகளில் எழுந்த பகைமையைத் தணிக்க, 1971-இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் உளவியலாளர் எலியட் ஆரன்சன் ஒரு முறையை அறிமுகப்படுத்தினார். பாடத்தின் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு மாணவரிடம் இருக்கும்; மற்றவர் சொல்லாமல் எவராலும் முழுப் பாடத்தையும் அறிய முடியாது. இதைச் சிறுவர்களுக்கு ஏற்ப எளிதாக்கலாம். நான்கு படங்கள் கொண்ட கதையில் ஒவ்வொரு படத்தையும் ஒவ்வொரு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நால்வரும் விவரித்துச் சரியான வரிசையைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். வகுப்பில் வாய் திறக்காத குழந்தையிடம் மூன்றாவது படம் இருக்கிறது என்றால், மற்ற மூவரும் காத்திருந்து கேட்டே ஆக வேண்டும்.

குழுக்களை நாள்தோறும் மாற்றுவது நல்லது என்று பலர் கருதுகின்றனர். எல்லோரும் எல்லோருடனும் பழக வேண்டும் என்பது நல்ல நோக்கந்தான். ஆனால் பழக்கம் மீண்டும் மீண்டும் சந்திப்பதில் வளர்வதால், ஒரே இணையை இரண்டு அல்லது மூன்று வாரங்களாவது தொடர விடுவதே பலன் தரும்.

மொழி தெரியாத குழந்தை

தில்லி வகுப்பறை ஒன்றில் இந்தி, பஞ்சாபி, வங்கம், மலையாளம், தமிழ் எனப் பல வீட்டு மொழிகள் கலந்திருப்பது இயல்பு. பணி மாறுதலில் சென்னையிலிருந்து வந்த குடும்பத்தின் குழந்தைக்கு விளையாட்டுத் திடலில் இந்தி தேவைப்படாது. ஒரு பந்து போதும், துரத்தி ஓடுவதற்கு இலக்கணம் வேண்டாம். திரையில் உடல் மறைந்து பேச்சு மட்டும் எஞ்சுகிறது. அந்தக் குழந்தை பேச்சில் தயங்கினால் வகுப்பிலேயே இல்லாதது போல் ஆகிவிடுகிறது. செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கும் நிலைமை இதுவே. பேசுபவரின் முகமும் வாயும் தெளிவாகத் தெரியாவிட்டால் அவர்களுக்கு வகுப்பு வெறும் நிழற்படம். சொல்லில்லாத விளையாட்டுகளை ஆசிரியர் வாரத்தில் சில முறையாவது சேர்க்க இதுவே முதன்மையான காரணம்.

மறுபக்கமும் உண்டு. கூட்டத்தில் ஒடுங்கும் சில குழந்தைகள், தம் வீட்டில், தம் பொம்மைகள் சூழ இருக்கும்போது எளிதாகப் பேசுகின்றனர். அவர்களுக்கு இணையவழி வகுப்பு ஒரு வாய்ப்பு. அதை ஆசிரியர் கவனித்து வைத்துக்கொண்டால், பள்ளி திறந்த பின் அந்தக் குழந்தையை யார் அருகில் அமர்த்தலாம் என்பது தெரியும்.

பெற்றோரின் இடம்

குழந்தையின் பின்னால் நின்று 'சொல்லு, சொல்லு' என்று மெல்லிய குரலில் விடை எடுத்துக்கொடுப்பது வகுப்புகளில் காணும் காட்சி. பாடத்துக்கு அது எவ்வளவு உதவும் என்பது வேறு விஷயம். நட்புக்கு அது நிச்சயம் தடை. சிரிப்பதா, கோபிப்பதா, பொம்மையை விட்டுக்கொடுப்பதா என்பதைக் குழந்தையே முடிவு செய்யும் சில நிமிடங்கள் அவசியம். அறைக்குள் இருந்தபடியே வேறு வேலை பார்ப்பதுதான் பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி.

நகரங்களில் குழந்தைகளின் நட்பு இப்போது பெற்றோரின் வாட்ஸ்அப் குழு வழியாகவே செல்கிறது. அம்மாக்கள் இருவருக்கு அறிமுகம் இருந்தால் குழந்தைகளுக்கு அழைப்பு கிடைக்கும். அறிமுகமில்லாத வீட்டுக் குழந்தை தனித்துவிடப்படும். வேலைக்குச் செல்லும் தாய், குழுவில் எழுதத் தயங்கும் தந்தை, ஆங்கிலம் அறியாத பாட்டி ஆகியோரின் குழந்தைகளே பெரும்பாலும் இப்படி விடுபடுவர். எனவே இணைகளைப் பெற்றோர் தேர்வுக்கு விடாமல் ஆசிரியரே அறிவிப்பது நியாயமானது.

காற்று மாசுக்காகப் பள்ளி மூடுவதற்கும் கரோனாவுக்காக மூடியதற்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. அப்போது இன்னொரு குழந்தையை வீட்டுக்கு அழைப்பதே ஆபத்தாக இருந்தது. இப்போது தவிர்க்க வேண்டியது வெளிக்காற்றை மட்டுமே. ஒரே அடுக்ககத்தில் வசிக்கும் இரு வகுப்புத் தோழர்கள், கதவு சாளரம் சாத்திய அறையில் சேர்ந்தமர்ந்து ஒரே திரையில் வகுப்பைக் கவனிக்கலாம். பெற்றோர் பலருக்கு இது தோன்றுவதில்லை. பள்ளிச் சுற்றறிக்கையில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

கலப்பு முறையும் ஒரே கைப்பேசியும்

2024 நவம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம், இணையவழியில் பயில வசதியில்லாத மாணவர்கள் பலர் இருப்பதையும், பள்ளி மூடப்பட்டதால் மதிய உணவு கிடைக்காமல் போவதையும் சுட்டிக்காட்டியது. அதன்பின் தலைநகர்ப் பகுதியில் பள்ளிக்கு வருவதா, வீட்டிலிருந்து கற்பதா என்பதைப் பெற்றோரே முடிவு செய்யும் கலப்பு முறை வந்தது. நட்பைப் பொறுத்தவரை இதுவே கடினமான ஏற்பாடு எனலாம். எல்லோரும் வீட்டில் இருந்தால் எல்லோருக்கும் ஒரே இழப்பு. பாதிப்பேர் வகுப்பில் சிரித்து விளையாட, கரும்பலகை மட்டும் தெரியும் திரையில் மீதிப்பேர் அதைக் கேட்டுக்கொண்டிருப்பது வேறு வகையான தனிமை. வகுப்பில் இருக்கும் ஒரு மாணவரை வீட்டில் இருப்பவரின் துணைவராக நியமித்து, மடிக்கணினியை அவர் மேசை மேல் வைக்கலாம். ஆசிரியர் பக்கமே திரும்பியிருந்த கேமரா அப்போது சக மாணவர் பக்கம் திரும்பும்.

கருவியே இல்லாத வீடுகளின் கதை தனி. ஊரகப் பகுதிகளில் 2021-இல் நடத்தப்பட்ட 'அசர்' கல்வி ஆய்வின்படி, பள்ளியில் பதிவு செய்த குழந்தைகளில் 67.6 சதவீதத்தினரின் வீடுகளில் திறன்பேசி இருந்தது. ஆனால் அந்த வீடுகளிலும் ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தைக்கு அது கைக்கு எட்டவில்லை. சிறிய வகுப்புகளில் இந்த நிலை இன்னும் மோசம். கைப்பேசி அண்ணனின் தேர்வுக்கோ அப்பாவின் வேலைக்கோ போய்விடும். இத்தகைய குழந்தைகளுக்கு மாலையில் ஒரு சாதாரணத் தொலைபேசி அழைப்பும் பயன்படும். ஆசிரியர் இரு வீடுகளை இணைத்துவிட்டு, இரு குழந்தைகளும் ஐந்து நிமிடம் பேச விடலாம். திறன்பேசி இரவில் மட்டும் கிடைக்கும் வீட்டுக்குப் பத்து நொடிக் குரல் பதிவு ஏற்றது. தோழி சொன்ன விடுகதைக்கு மறுநாள் விடை அனுப்பும் குழந்தை, அந்த ஒரு நாளும் தோழியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கும்.

சிறு குழுக்கள் அமைக்கும்போது பாதுகாப்பைத் தளர்த்தக்கூடாது. பெரியவர் ஒருவரேனும் கேட்கும் தொலைவில் இருப்பது, பெற்றோர் ஒப்புதலின்றித் தொலைபேசி எண்களைப் பகிராதிருப்பது, குழந்தைகள் விளையாடுவதைப் பதிவு செய்து குழுக்களில் பரப்பாதிருப்பது ஆகியவை குறைந்தபட்ச விதிகள்.

யார் பெயர் வரவில்லை?

வகுப்பறையில் தனித்து நிற்கும் குழந்தை ஆசிரியரின் கண்ணில் படும். திரையில் எல்லா முகங்களும் ஒரே அளவுச் சதுரங்கள். யார் தனித்திருக்கிறார் என்பது தெரியாது. இதை அறிய ஒரு பழைய உத்தி உண்டு. ஜேக்கப் மொரீனோ 1930-களில் உருவாக்கிய சமூக அளவியல் முறையில், யாரோடு சேர்ந்து அமர விரும்புகிறாய் என்று ஒவ்வொருவரிடமும் தனியே கேட்டு, விடைகளைக் கோடுகளால் இணைத்துப் படம் வரைவர். ஆசிரியரும் ஒவ்வொரு குழந்தையிடமும் தனியாக, 'நாளை யாரோடு ஓவியம் வரையலாம்?' என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். பட்டியலை யாருக்கும் காட்டக்கூடாது. யாரைப் பிடிக்காது என்று கேட்கவே கூடாது. எவர் வாயிலிருந்தும் வராத பெயர் எதுவோ, அடுத்த வாரத்தின் இணைகளை அந்தப் பெயரிலிருந்து தொடங்க வேண்டும்.

வீட்டில் இதற்கு இணையான அறிகுறி இரவுச் சாப்பாட்டு நேரத்தில் கிடைக்கும். 'இன்று என்ன படித்தாய்?' என்பதற்குப் பதிலாக 'இன்று யார் சிரிப்பு மூட்டினார்கள்?' என்று கேட்டால், ஒரு பெயராவது வருகிறதா என்பது தெரிந்துவிடும். இரண்டு, மூன்று வாரங்களாகியும் எந்தப் பெயரும் வரவில்லை, வகுப்பு தொடங்கும் நேரத்தில் வயிற்றுவலி மட்டும் வருகிறது என்றால் ஆசிரியரிடம் பேசும் நேரம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

பள்ளி மீண்டும் திறக்கும் நாளுக்கும் முன்தயாரிப்பு தேவை. திரையில் மட்டுமே பழகிய இருவர் நேரில் கூச்சப்படுவார்கள். உயரமும் நடையும் அவர்கள் எண்ணியிருந்தபடி இருக்காது. திரையில் இணையாக இருந்தவர்களை முதல் வாரம் ஒரே பெஞ்சில் அமர்த்தி, அவர்கள் மாவில் செய்த யானைகளை எடுத்துவரச் சொல்லி, அன்றைய இடைவேளையை வழக்கத்தைவிடக் கால் மணி நேரம் நீட்டித்தால், விட்ட பாடத்தை மறுநாள் தொடங்கலாம்.